கம்பளிக்கு மேல் எடுத்த அளவு

பதுளைக் கடைத்தெருவில் புஹாரிக்கு ஒரு தையல்கடை. கடைக்குப் பின்னால் வீடு; நடுவே ஒரு திரை. திரைக்கு உள்ளேயிருந்து துணி வெட்டுபவள் அவர் மனைவி ஸுபைரா. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் அந்தத் திரையைத் தாண்டியதில்லை.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. முதலில் புஹாரி அளவை நூலில் முடிச்சுப் போட்டுத் தருவார். நூலைத் துணியில் வைத்து வெட்டுவாள். பிறகு நூல் போயிற்று. அவர் வெளியேயிருந்து சொல்லும் அங்குலத்தை உரக்கத் திருப்பிச் சொல்லி வெட்டினாள். சில வருஷத்தில் அது முணுமுணுப்பாகி, அப்புறம் வெறும் உதட்டசைவாகி, கடைசியில் அதுவும் நின்றது. காதில் விழுந்தால் கத்தரி நகரும், அவ்வளவுதான்.

ஐப்பசி மழையில் குளிர் மலையான மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இராயப்பன் கங்காணி கோட்டுத் தைக்க வந்தார். குளிருக்குச் சுற்றியிருந்த கம்பளியை அவர் கழற்றவில்லை. பெரிய மனிதரிடம் கழற்றச் சொல்லப் புஹாரிக்கும் கூச்சம். கழுத்தை அளந்துவிட்டு, மார்புக்குக் கம்பளிக்கு மேலேயே நாடாவைச் சுற்றி, “கழுத்து பதினாலு, மார்பு நாப்பத்திரண்டு” என்று கூவினார்.

ஸுபைரா முப்பத்தாறு மார்புக்கு வெட்டினாள்.

பத்து நாள் கழித்துக் கங்காணி கோட்டைப் போட்டுப் பார்த்தார். “அடேங்கப்பா! என் ஒடம்புக்குள்ள புகுந்து பாத்த மாதிரி தச்சிருக்கீங்களே, புஹாரி நானா!”

புஹாரி சிரிக்கவில்லை. கோட்டின் மேல் நாடாவை ஓட்டிப் பார்த்தவர், கங்காணி போனதும் உள்ளே வந்தார்.

“கம்பளிக்குள்ள அந்த மனுஷன் எவ்வளவுன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“தெரிஞ்சிச்சு.”

“அதான் எப்பிடி?”

அவளுக்கு உள்ளே போய்விட்ட கணக்கு வெளியே வர மறுத்தது.

அன்றைக்குப் பார்த்து நாத்தனார் றஷீனா வீட்டில் இருந்தாள். “ஆளையும் பாக்காம, நாடாவும் தொடாம ஒடம்பளவு தெரியுமாம்! முப்பது வருஷமாக் குடும்பம் நடத்துறேன், எம்புருஷன் இடுப்பளவு எனக்கே தெரியாது!”

புஹாரி திரையின் இரண்டு ஓரங்களிலும் ஆணி அடித்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் அவளை வெலிமடைக்கு, அவள் உம்மா வீட்டுக்கு அனுப்பிவிடப் போவதாகச் சொன்னார். அனுப்பினால் திரும்பக் கூப்பிடமாட்டார் என்பது ஸுபைராவுக்குத் தெரியும். அதுவரை அவள் அடுப்பூதினாலும் அவர் கண் அவள் முதுகில் இருந்தது.

வியாழக்கிழமை அவள் பழைய முடிச்சுநூலைத் தேடி எடுத்தாள். தன் கழுத்தைச் சுற்றினாள், மார்பைச் சுற்றினாள். உதட்டை அசைத்தாள், முணுமுணுத்தாள், பிறகு உரக்கச் சொன்னாள். வந்த வழியே திரும்பி நடந்தபோது விடை கிடைத்தது.

மறுநாள் காலை சொன்னாள்: “பதினாலு கழுத்துக்கு நாப்பத்திரண்டு மார்பு வராதுங்க. அன்னைக்கு மழை. ஆள் மடுல்சீமை. மிச்சம் ஆறும் கம்பளி.”

“ராவெல்லாம் யோசிச்சுக் கட்டின கதையா?” புஹாரி பின்வாசல் வழியாகச் சுற்றிக் கடைக்குப் போனார். சற்று நேரத்தில் ஆணியடித்த திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: “புது ஆளு. கழுத்து பதினேழு, மார்பு நாப்பத்தஞ்சு, கை இருபத்தொண்ணே கால். வெட்டு பாப்போம்.”

கத்தரி நகரவில்லை.

“என்னா, வாயடைச்சுப் போச்சா?”

“இது ஒரு ஆள் இல்ல,” என்றாள். “கழுத்தும் மார்பும் ஒரு தடிச்ச ஆளோடது. கை வேற ஆளு.” கத்தரியைக் கீழே வைத்தாள். “கை உங்களோடது.”

புஹாரி இறைச்சிக்கடை ஸலீமை நிறுத்திக் கழுத்தும் மார்பும் எடுத்தவர், கையை மட்டும் தன் சட்டையில் அளந்திருந்தார்.

ஜும்மா முடிந்தது. வெலிமடைப் பேச்சை அவர் எடுக்கவில்லை. அஸர் தொழுகைக்கு முன்னால் ஆணிகளைப் பிடுங்கினார். ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்.

அதன் பிறகு எந்தக் கங்காணி வந்தாலும் முதலில் கம்பளியைக் கழற்றச் சொன்னார். ஸுபைராவும் வெட்டும்போதெல்லாம் அங்குலத்தை உரக்கச் சொல்லத் தொடங்கினாள். அவளுக்கு அது தேவைப்படவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் கேட்கவேண்டும், அதற்காகத்தான்.