பேசாமல் நெய்த முகூர்த்தச் சேலை

கோர்வைச் சேலையை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தறிக்குழியில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் உடலுக்கு, ஊடை நூல் கொண்டுபோகும் நாடாவைத் தள்ளுவார். பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து நான் கரைக்குத் தள்ளுவேன். ஒவ்வொரு இழைக்கும் என் கை அவர் கைக்காகக் காத்திருக்க வேண்டும். கல்யாணமான ஐந்தாம் வருஷம், ஒரு வார்த்தை பேசாமல் மூன்று மாதம் அப்படி நெய்தோம்.

காரணம் இதுதான். அவருடைய தங்கையின் வளைகாப்புப் பந்தியில், "நான் கேட்டது இவ அக்காவத்தான்பா. இத்த என் தலையில கட்டிட்டாங்க" என்று சொன்னார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டேதான் அவர் இலைக்குச் சாம்பார் ஊற்றினேன். வீட்டுக்கு வந்து வாயை மூடியவள் திறக்கவில்லை.

அவரும் ரோஷக்காரர். "யாரோ குழலுக்கு நூல் சுத்தல போல" என்பார், தறியைப் பார்த்து. "கூடையில இருக்குது" என்பேன், சுவரைப் பார்த்து. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும், "இன்னாங்க, காப்பி தரட்டுமா?" என்று என் குரல் தானாக இனிக்கும். ஜோடி என்றால் தெருவில் எங்களைத்தான் சொல்வார்கள்.

தறியிலிருந்த சேலையை நெய்து முடித்து அறுத்ததும் முசரவாக்கத்துக்கு, அம்மா வீட்டுக்கே போய்விடுவது என்று துணிமூட்டை கட்டி, கூப்பன் கடை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன். அறுத்த அன்றைக்கே வாலாஜாபாத்திலிருந்து ஒரு அம்மா வந்து நின்றாள்.

"பெரியவளுக்கு முகூர்த்தச் சேலை கடையில எடுத்தேன்மா. ஆறே மாசம், சண்ட போட்டுக்கினு வந்துட்டா. சின்னவளுக்காவது, ஒத்துமையா இருக்கறவங்க கையால நெய்யணும். யாரக் கேட்டாலும் உங்க வீட்டத்தான் காட்டறாங்க."

என் கண் அரிசிப் பானைப் பக்கம் போனது. அவர் என்னைப் பார்க்காமலே, "இவ கை வெக்காம என் தறியில ஒரு இழ ஓடாதும்மா" என்றார். அந்த அம்மாவுக்குச் சொன்னாரா, எனக்குச் சொன்னாரா? அவள் போனபின், இந்த ஒரு சேலை முடிந்ததும் போகலாம் என்று தறியில் உட்கார்ந்தேன்; மறுபடியும் ஊமைதான்.

எங்கள் கசப்பு அந்தப் பெண்ணின் சேலையில் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து பயந்து நெய்தேன். ஆனால் கரையும் உடலும் சேருகிற இடத்தைத் தடவிப் பார்த்தால் கையில் ஒன்றும் தட்டவில்லை. அவ்வளவு சுத்தமாக அதற்கு முன் நாங்கள் நெய்ததே இல்லை. வாய் பொய்யா, கை பொய்யா, எனக்குப் பிடிபடவில்லை.

சேலையை வாங்க வந்தவள், சேலை வைத்த தட்டை இருவரும் சேர்ந்து பிடித்துக் கொடுக்கச் சொன்னாள். "உங்க மாதிரி இருக்கணும்னு சொல்லிக் குடும்மா."

"எங்கள மாதிரியே இருக்கணும்" என்றேன். வாய் கூசியது.

அவள் தெருமுனை தாண்டியதும் மூட்டையை எடுத்தேன்.

"யாரோ ஊருக்குப் போறாங்க போல" என்றார் தறியிடம்.

"யாரோ போவாதன்னா போவல" என்றேன் சுவரிடம்.

மூட்டையின் முடிச்சை இறுக்கினேன். "போவாதம்மா" என்றார். சட்டென்று திரும்பினேன். அவர் முகம் வாசல் பக்கம் இருந்தது. வாசலில் பக்கத்து வீட்டுக்காரி உறைமோருக்குக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள்.

"இன்னாக்கா, கையில மூட்ட?"

"வெளுக்கப் போடணும்" என்று சிரித்துக்கொண்டே மோர் ஊற்றிக் கொடுத்தேன்.

அவள் வந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னாரா, பார்ப்பதற்கு முன்னாலேயே சொன்னாரா? மூட்டையைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டேன். அவர் இருந்தவரைக்கும் நான் அதைக் கேட்கவில்லை.