துணியில் வந்த கறுப்பு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். தோளில் வேலைப் பை. உள்ளே வெல்வெட் பிரஷ், டிஸ்டில்ட் வாட்டர் பாட்டில், ஸ்பிரிட் பாட்டில். ஒவ்வோர் அடிக்கும் பாட்டில்கள் இடித்துக்கொண்டன. தெருவின் இரண்டு பக்கமும் வீடுகளுக்குள் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, எங்கே போகணும் என்று கேட்டார். வேண்டாம் என்று கையாட்டிவிட்டு நடந்தேன். உட்கார்ந்தால் யோசிக்க வேண்டியிருக்கும்.

அன்று மதியம் ஒருவருடைய அம்மாவின் குரலை நான் அழித்திருந்தேன். அந்தக் குரலுக்கு வேறு பிரதி கிடையாது.

வீட்டில் பழைய இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கும், இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

தட்டு கழுவும் வேலை

ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு ஆற்காட்டில் கதவு, ஜன்னலுக்குப் பாலிஷ் போட்டேன். லாரியில் கிளீனராகப் போனேன். ஓட்டலில் மாவு அரைத்தேன். ஓர் இடத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை. சென்னையில் பழைய ரெக்கார்டு விற்கிற கடை ஒன்றில் சேர்ந்தபோதுதான் இந்த வேலை கைக்கு வந்தது. இப்போது நிறையப் பேர் புது பிளேயர் வாங்கி, பரணில் கிடக்கும் எல்.பி. தட்டுகளை இறக்குகிறார்கள். நான் வீட்டுக்கே போய்க் கழுவிக் கொடுப்பேன்.

முறை எளிது. முதலில் பிரஷ்ஷால் தூசியை எடுக்க வேண்டும். பிறகு டிஸ்டில்ட் வாட்டர் மூன்று பங்கு, ஸ்பிரிட் ஒரு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. துணியை இதில் நனைத்து, ஊசி ஓடும் வரி போகிற போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் கீறல் விழும். நடுவிலுள்ள லேபிள் நனையக் கூடாது. கடைசியில் வெறும் டிஸ்டில்ட் வாட்டரால் ஒரு முறை துடைத்து, நிழலில் நிற்கவைத்துக் காயவிட வேண்டும். வெயிலில் வைத்தால் அப்பளம் மாதிரி வளைந்துவிடும்.

காஞ்சிபுரத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே வீட்டுக்கு வீடு பட்டுத் துண்டு கிடக்கும். மெத்தென்று இருக்கிறதே என்று அதை வைத்துத்தான் தட்டைத் துடைக்கிறார்கள். பட்டால் தேய்க்கத் தேய்க்கத் தட்டில் மின்சாரம் ஏறி, அறையிலுள்ள தூசியெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு ஜவுளிக்கடை முதலாளி வீட்டில் இதைச் சொன்னேன். அவர் மனைவி சிரிக்காமல் கேட்டார்: "அப்போ தூசிக்கும் காஞ்சிபுரம் பட்டுதான் புடிக்குதுன்னு சொல்லு."

அந்த வீட்டில்தான் ஏகாம்பரம் சாரின் விலாசம் கிடைத்தது.

வருஷத்துக்கு ஒரு தடவை

ஏகாம்பரம் சார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். எழுபது வயது. தனியாக இருந்தார். இருபது எல்.பி. வைத்திருந்தார், மதியத்துக்குள் எல்லாவற்றையும் கழுவி முடித்தேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாகறல் பஸ்ஸில் ஓர் ஆட்டுக்கு டிக்கெட் கிழித்த கதையை இரண்டு தடவை சொன்னார்.

கடைசியாக, வேட்டித்துணியில் சுற்றிய ஒரு தட்டை எடுத்துவந்தார். எல்.பி.யைவிடச் சின்னது, ஆனால் கனம். நிமிஷத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று ஓடுகிற பழங்காலத் தட்டு. அவர் அம்மா நாடகத்தில் பாடிக்கொண்டிருந்தவர். ஒரே ஒரு பாட்டைத் தட்டில் பாடியிருக்கிறார், தெரிந்தவரை மிஞ்சியது இந்தப் பிரதி ஒன்றுதான். மறு வருஷம் இவர் பிறந்தார். பிரசவத்திலேயே அம்மா போய்விட்டார். போட்டோகூட இல்லை. அம்மா என்றால் இவருக்கு அந்த மூன்று நிமிஷம்தான். ஊசி பட்டுத் தேய்ந்துவிடுமே என்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் போடுவாராம். திதியன்று காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்து, ஒரு முறை கேட்டுவிட்டு எடுத்து வைத்துவிடுவார். மறுநாள் திதி.

போனில் பதிந்து வைத்துக்கொள்ளலாமே என்றேன்.

"எம் பொண்ணும் அதத்தான் சொல்லிக்கினு இருக்குது. பாட்டு ஒரே கொறகொறன்னு இருக்குதுபா. அப்படியே ஏத்துனா அழுக்கும் சேந்துதான ஏறும்? நீ சுத்தம் பண்ணிக் குடு. நாளைக்குப் பொண்ணு வருது. நான் போடறப்போ பதிஞ்சிக்கும்."

எழுபது வருஷத்து அழுக்கு ஆயிற்றே என்று ஸ்பிரிட்டைச் சரிபாதி கலந்தேன்.

வாசனை

எல்.பி. துடைத்தால் துணியில் சாம்பல் நிறம் லேசாக வரும். இதில் முதல் சுற்றிலேயே கறுப்பு வந்தது. எனக்குச் சந்தோஷம். துணியை விரித்துக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்து, "அதான பாத்தேன். நல்லா எடுத்துடுபா" என்றார். வேறு துணி எடுத்தேன். அதுவும் கறுத்தது. வெளி ஓரத்தில் தொடங்கி உள்ளே உள்ளே போனேன்.

விரல் தட்டில் ஒட்டியது. அப்போதுதான் வாசனை வந்தது. ஆற்காட்டில் புதுக் கதவுகளுக்கு நடுவே இரண்டு வருஷம் சுவாசித்த வாசனை. பாலிஷுக்காக அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தால் வருவது.

எல்.பி. வினைல். அதை ஸ்பிரிட் ஒன்றும் செய்யாது. பழைய எழுபத்தெட்டுகளை அரக்கில்தான் செய்தார்கள். சென்னைக் கடையில் நான் கழுவியது எல்.பி. மட்டுமே. எழுபத்தெட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் ஸ்பிரிட்டில் அரக்கு கரையும் என்று எனக்கா தெரியாது? துணியில் வந்தது அழுக்கு இல்லை. தட்டு.

என் கை நின்றதைப் பார்த்து என்ன என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரை வந்தது. உண்மையைச் சொன்னேன்.

தட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு, போட்டுப் பார்க்கலாம் என்றார். காயவிட்டுப் பிளேயரில் வைத்தோம். தகரக் கொட்டகையில் மழை பெய்வதுபோல இரைச்சல். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பாட்டு வந்திருக்க வேண்டிய இடங்களில் தலையை ஆட்டினார். லேபிளை ஒட்டி நான் துடைக்காமல் விட்ட ஒரு விரற்கடை இருந்தது. ஊசி அங்கே வந்ததும் ஒரு பெண் குரல் கடைசி அடியை இழுத்துப் பாடி நிறுத்தியது. அவ்வளவுதான்.

"முடிக்கறதுக்கு முன்னால மூச்சு வாங்கும். கேட்டியா?" என்றார். "அது இருக்குது."

மன்னிப்புக் கேட்டேன். "வுடுபா. நாந்தான சுத்தம் பண்ணச் சொன்னேன். நாளைக்கு வந்து சாப்ட்டுட்டுப் போ." திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன்.

கறுத்த துணிகளைப் பையில் வைக்கப் போனேன். கையை நீட்டினார்.

"அதக் குடுத்துட்டுப் போ."

இரண்டு துணிகளையும் மடித்துத் தட்டின் மேல் வைத்து, வேட்டித்துணியில் சேர்த்துச் சுற்றினார்.

மறுநாள்

சொல்ல வேண்டியது இதுதான். தட்டைத் தொடும் முன் அது எதால் செய்தது என்று பாருங்கள். கனமாக இருந்து, லேபிளில் எழுபத்தெட்டு என்று போட்டிருந்தால் ஸ்பிரிட் பாட்டிலைத் திறக்காதீர்கள். டிஸ்டில்ட் வாட்டரும் ஒரு சொட்டுத் திரவமும் போதும். சீக்கிரம் துடைத்து ஈரத்தை எடுத்துவிடுங்கள். ஒரே பிரதி என்றால், கை வைக்கும் முன் கொறகொறப்போடு அப்படியே பதிந்துவிடுங்கள். அழுக்கும் சேர்ந்து ஏறினால் ஏறட்டும்.

அன்று பஸ் ஏறி வாலாஜாபாத்தில் இறங்கினேன். மறுநாள் காலை ஒரு மரக்கடை வாசலில் ஆள் தேவை என்று அட்டை தொங்கியது. உள்ளே புதுக் கதவுகள் சாய்த்து வைத்திருந்தார்கள். முதலாளி என் கையைப் பார்த்தார். விரல் நுனிகளில் கறுப்பு இன்னும் போகவில்லை.

"அரக்கு கரைக்கத் தெரியுமாபா?"

தெரியும் என்றேன். ஒரு டப்பா அரக்கும் ஒரு கேன் ஸ்பிரிட்டும் கொடுத்தார். ஏகாம்பரம் சார் காக்கைக்குச் சோறு வைக்கிற நேரத்தில், கதவுகளுக்கு நடுவே உட்கார்ந்து அதைக் கிளறிக்கொண்டிருந்தேன்.