கிருஷ்ணவேணியின் இடது காது

எண்பத்து மூன்றாம் வருஷம் திண்டிவனம் பஸ் நிலையத்தில், பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கிருஷ்ணவேணியின் கம்மலை ஒருவன் வெளியிலிருந்து இழுத்துக்கொண்டு ஓடினான். இடது காது இரண்டாகக் கிழிந்தது. தையல் போட்டும் கூடவில்லை. அந்தக் காலத்தில் ராஜாக்கள் திருடனின் காதை அறுத்தார்களாம். ஜனநாயகத்தில் அந்த அதிகாரம் திருடனுக்கே வந்துவிட்டது.

ஆளைப் பிடித்தார்கள். கோர்ட்டில் அவனுடைய வக்கீல் இவளைக் கேட்டார்.

"காது கேக்குதாம்மா?"

"கேக்குதுங்க."

"சின்ன வயசுல காது குத்தினாங்களா?"

"குத்தினாங்க."

"பாத்துக்குங்க. ஓட்டை போட்டது இவங்க சொந்தக்காரங்க. என் கட்சிக்காரர் அதைக் கொஞ்சம் பெருசாக்கினாரு, அவ்வளவுதான்."

கோர்ட்டே சிரித்தது. காது கேட்பதால் இது சாதாரணக் காயம் என்று முடிந்தது. பாவம், சட்டம் எந்தக் கல்யாண வீட்டுக்கும் போனதில்லை போலிருக்கிறது.

வானூர்ப் பக்கம் எங்கள் ஊரின் தீர்ப்பு வேறு. கம்மல் நிற்காத காது மூளிக் காது. மூளி எதிரே வந்தால் காரியம் விளங்காது. இந்தச் சட்டத்துக்கு நீதிபதி அவளுடைய நாத்தனார் கெங்கம்மாள். புருஷன் துரைக்கண்ணு குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே, கிருஷ்ணவேணியை வளைகாப்புக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் கூப்பிடுவது நின்றுபோனது. கடலைக் கொல்லையில் மல்லாட்டை ஆய மட்டும் கூப்பிட்டார்கள். ஆள் கிடைக்காத நாளில் யாரும் சகுனம் பார்ப்பதில்லை.

நாலு வருஷம் கழித்து மகள் அம்மணிக்குக் கல்யாணம். தன் கையால் மகளுக்கு ஆலம் சுற்ற வேண்டும், கிருஷ்ணவேணிக்கு அது ஒன்றுதான் ஆசை. பக்கத்து வீட்டுக்காரனான என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறாள். தாலி கட்டியானதும், மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டோடு வந்தாள்.

கெங்கம்மாள் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "உள்ள போ வேணி. நல்ல காரியத்துல மூளி முன்னால வந்துகினு."

கிருஷ்ணவேணி உள்ளே போனாள். துரைக்கண்ணு பந்தக்காலை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மாலையும் கழுத்துமாக நின்ற அம்மணி இரண்டு ஜிமிக்கியையும் கழற்றினாள். அத்தை கையிலிருந்த ஆலத் தட்டில் போட்டாள்.

"இப்ப என் காதும் மூளிதான் அத்தே. நீ சுத்தினா உனக்குத்தான் ஆவாது. எங்கம்மாவே சுத்தட்டும்."

மாப்பிள்ளை தேவநாதன் உள்பக்கம் திரும்பி மாமியாரைக் கூப்பிட்டான். "ஜல்தி வாங்க, பசிக்குது."

கிருஷ்ணவேணி அழுதுகொண்டே வந்து தட்டை வாங்கிச் சுற்றினாள். கெங்கம்மாள் ஓரமாக நின்றாள். அவளுடைய இரண்டு காதிலும் கம்மல் பத்திரமாக இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.