வளைவில் எழுதிய ஊர்ப் பெயர்

டர்பென்டைன் வாசனை என்றால் எனக்கு ஓசூர்தான். கல்யாணமாகி சாமல்பட்டியிலிருந்து வந்து இறங்கிய அந்த ஓட்டு வீட்டில் குளிரும் அந்த வாசனையும் எப்போதும் சேர்ந்தே இருக்கும். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி... மாநிலங்களை மொழிவாரியாகப் பிரிக்கப் போகிறார்கள். ஓசூர் மெட்ராஸ் பக்கமா, மைசூர் பக்கமா? கடைத்தெரு முழுக்க அதே பேச்சு.

அந்த நேரம் பார்த்துப் பஞ்சாயத்துத் தலைவர் இவரைக் கூப்பிட்டு, பழைய கோட்டை மைதானத்தை எப்படி மாற்றலாம் என்று படம் போட்டுத் தரச் சொன்னார். முள்ளும் ஆட்டுப் புழுக்கையுமாகக் கிடந்த இடம். இவர் படத்தில் அங்கே கல் படிகள் வந்தன. புங்க மர நிழலில் பெஞ்சுகள். இடிந்த மதிலைத் தொடாமல் அதையொட்டி ஒரு நடைபாதை.

வாசலில் ஒரு வளைவு... அதில் ஊர்ப் பெயர், தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும்.

"மூணு பாஷைக்காரங்களும்தானே வந்து உக்காரப் போறாங்க" என்றார்.

படத்தைப் பஞ்சாயத்து ஆபீசில் மாட்டிய மறுநாள் மத்தியானம், எங்கள் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"கன்னட எழுத்து எதுக்கும்மா அங்க? ஊரு மைசூருக்குன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆவாதா? வாத்தியாருகிட்ட சொல்லி வை."

கூட்டத்தில், நான் தினமும் எண்ணெய் வாங்கும் கடைக்காரரும் இருந்தார். என் முகத்தை அவர் பார்க்கவேயில்லை.

சாயங்காலம் வேறொரு கூட்டம்.

"மேஷ்ட்ரு இல்வா அம்மா?" என்று மாஸ்டரைக் கன்னடத்தில் விசாரித்துவிட்டு, தமிழுக்கு மாறினார் ஒருவர். "நம்ம எழுத்து ஏன் கீழே இருக்குது? யாரை கேட்டு போட்டாரு?"

அடுத்த நாள் காலையில் ஒரு கல் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு தூளிப் பக்கத்தில் விழுந்தது. யார் எறிந்தது என்று இன்றுவரை தெரியாது. குழந்தை அழக்கூட இல்லை. நான்தான் கத்தினேன்.

அன்றே இவர் ஆபீசுக்குப் போய், படத்தில் இருந்த மூன்று மொழி எழுத்துகளையும் வண்ணம் பூசி மறைத்துவிட்டு வந்தார். தொல்லை விட்டது என்று நினைத்தோம்.

இல்லை. இரண்டு கூட்டமும் ஒன்றாக வந்து நின்றது.

"காலியா வுட்டுட்டு, அப்புறமா எந்த பாஷையில எழுதப் போறீங்க? யாரு சொல்லிக் குடுத்தாங்க உங்களுக்கு?"



தலைவரே படத்தைச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். "வச்சிக்கோங்க மாஸ்டர். எனக்கும் புள்ளகுட்டிங்க இருக்குது."

"ஏங்க... இந்த ஊரு நமக்கு வேணாங்க" என்றேன். இவர் வெந்நீர் அடுப்பில் படத்தை வைத்தார். எரிகிற வரை பக்கத்திலேயே நின்றேன். பாவமாக இல்லை... அப்பாடா என்றுதான் இருந்தது. கிருஷ்ணகிரிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டோம். அதற்குப் பிறகு இவர் பூவும் பழமும்தான் வரைந்தார்.

போன மாதம் மகனோடு ஓசூர் போனேன். கம்பெனி பஸ்கள், செல்போன் கடைகள்... ஒரே கடையில் நாலு பாஷையில் போர்டு. யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

கோட்டை மைதானம் இருந்த பக்கம் வந்ததும், "இங்க முன்னாடி என்னம்மா இருந்துச்சு?" என்று கேட்டான்.

பக்கத்தில் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

"வெறும் மைதானம்டா" என்றேன், குரலைத் தாழ்த்தி.