ஒரு மணிக்கு வராத டி.வி.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன பிறகு, பகல் முழுக்க அவர் வீட்டில் தனியாகவே இருந்தார். அம்மா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கப்பல் ஏஜென்ட் அலுவலகம் ஒன்றில் கன்டெய்னர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. காலையில் அவரைக் குளிப்பாட்டி, இட்லி கொடுத்து, ஜன்னலோரக் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்த்துவிட்டுக் கிளம்பினால், திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிடும். மதியம் மட்டும் பக்கத்து வீட்டுச் சித்தி வந்து சோறு ஊட்டுவார். சொந்தச் சித்தி இல்லை; மார்க்கெட்டில் மீன் விற்கிறவர், புருஷன் இல்லாதவர். நான் சின்ன வயதிலிருந்து அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

அப்பா பாய்மரத் தோணியில் தண்டலாக, மாலுமிகளுக்குத் தலைவராக இருந்தவர். மாலத்தீவுக்கு வெங்காயமும் கருங்கல்லும் ஏற்றிப் போன தோணியில், பத்துப் பன்னிரண்டு பேரை அதட்டி வேலை வாங்கிய குரல் அவருடையது. இப்போது ஒரு வார்த்தை சொல்ல வாய் கோணி, நாக்கு புரண்டு, எச்சில் வழிந்தது. என்னிடம் 'ம்', 'வேண்டாம்', 'தண்ணி' என்பதோடு நிறுத்திக்கொண்டார். நானும் அவரைச் சிரமப்படுத்துவானேன் என்று அதிகம் கேட்பதில்லை.

வீட்டில் ஒரு பேச்சுச் சத்தமாவது இருக்கட்டும் என்றுதான் டி.வி.யை நினைத்தேன். ரிமோட்டை இடது கையில் கொடுத்தால் நழுவவிட்டார். செட்டாப் பாக்ஸின் மெனுவைத் துழாவியபோது டைமர் என்று ஒன்று இருந்தது. சரியாக மதியம் ஒரு மணிக்கு, செய்தி சேனலில், பெட்டி தானாக விழித்துக்கொள்ளும்படி வைத்தேன். முதல் நாள் வேலை செய்தது. மறுநாள் இல்லை. பார்த்தால் 'ஒருமுறை' என்பதில் இருந்திருக்கிறது. 'தினமும்' என்று மாற்றினேன்.

அதற்குப் பிறகும் தகராறு. பெட்டி விழித்துக்கொண்டது, டி.வி. தூங்கியது. சிக்னல் இல்லாவிட்டால் டி.வி. தன்னால் அணைந்துவிடும்படி ஒரு செட்டிங் இருப்பதைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டேன். காலையில் டி.வி.யை நீலத் திரையோடு விட்டுப் போவேன். ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது என்று நினைத்தேன். ஒருநாள் சாயங்காலம் வந்தால் திரை இருட்டு. பெட்டியின் முகப்பில் நேரம் காட்ட வேண்டிய இடத்தில் நான்கு சிறு கோடுகள்.

கேபிள்காரருக்குப் போன் போட்டேன்.

"அக்கா, கரண்டு போயி வந்தா கோடுதான் போடும். பொட்டி ஆன் ஆயி சிக்னல் எடுத்தாத்தான் அதுக்கு மணி தெரியும். சுவிட்ச அமத்தாம, ரிமோட்ல மட்டும் ஆஃப் பண்ணுங்க."

"நான் சுவிட்ச தொடவே இல்லியே."

"அப்ப ஒங்க தெருவுல கரண்டு போயிருக்கும்லா?"

எதிர் வீட்டில் கேட்டேன். கரண்ட் போகவில்லை என்றார்கள். பிளக் ஆடுகிறதோ என்று புதிது வாங்கி மாட்டினேன். அடாப்டரை மாற்றினேன். சில நாள் வரும், சில நாள் வராது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து எதிரே உட்கார்ந்து பார்த்தால், ஒரு மணிக்கு டாண் என்று வந்து நிற்கும். "நேத்து வந்துச்சாப்பா?" என்று அப்பாவிடம் கேட்டால் தலையை ஒரு மாதிரி ஆட்டுவார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

அலுவலகத்தில் ஒரு மணி ஆகும்போதெல்லாம் மனசு வீட்டுக்குப் போய்விடும். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, இப்போது வந்திருக்குமா, இல்லை அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாரா என்று நினைப்பேன். கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு டைமருக்காகவா இவ்வளவு என்பார்கள்.

ஒருநாள், வர வேண்டிய கப்பல் வெளியே நங்கூரத்திலேயே நின்றுவிட்டது. வேலை இல்லை, மதியமே போகலாம் என்றார்கள். வெயிலில் நடந்து வந்து, செருப்பைக் கழற்ற வாசலில் குனிந்தபோது உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. டி.வி. வேலை செய்கிறது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அது டி.வி. இல்லை. அப்பா.

"காத்து... செத்துப்போச்சி. பாயி... துணி மாதிரி... தொங்குது."

"பொறவு?" என்றது சித்தியின் குரல்.

"ஒரு கோழி... மிச்சம். அறுக்கணும். ஒருத்தனும்... அறுக்க மாட்டேங்கான்."

"ஏன், பசிக்கலியோ?"

"பசி... இருக்கு. அது ஒண்ணுதான... சத்தம் போடுது. கடல்ல... ஒரு சத்தமும் இல்ல."

ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அவர் மூச்சு வாங்குவதும், சித்தி அவசரப்படாமல் காத்திருப்பதும் எனக்குக் கேட்டது. இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. ஒரு செருப்பைக் கழற்றிய காலோடு, மற்றதைக் கழற்றாமல், கதவோரமே நின்றேன். ஊருக்கு வந்தபிறகும் அந்தக் கோழியை யாரும் தொடவில்லையாம். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

நான் உள்ளே போனதும் அவர் பேச்சு நின்றுபோனது. சித்தி தட்டோடு எழுந்தார். டி.வி.க்கும் பெட்டிக்குமான சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தது.

"சித்தி, இதை நீங்களா அமத்துனீங்க?"

"ஆமாளா, நாந்தான். போவும்போது போட்டுட்டுத்தான் போவேன். சந்தையில கூட்டம் இருந்தா எனக்கு நிக்க நேரமில்ல, சோத்தக் குடுத்துட்டு ஓடிருவேன். அன்னைக்கு அது பாட்டுக்குப் பேசட்டும். யாவாரம் சீக்கிரம் முடிஞ்ச அன்னைக்கு ஒக்காருவேன்லா, அப்ப அண்ணன் அமத்தச் சொல்லுதாவ. அதுல நாலுபேரு ஒரே நேரத்துல கத்துதானுவ. அண்ணன் ஒரு வார்த்தைய எடுத்து வைக்கதுக்குள்ள அவனுவ ஊரையே வித்துருதானுவ."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல சித்தி?"

"நீ பொட்டிக்குப் பிளக்கு மாத்துத, ஒயரு மாத்துத. பாக்கப் பாவமா இருந்துச்சி. அண்ணந்தான் சொல்லாதங்காவ."

அப்பாவைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"அந்தச் சத்தத்துல... எனக்கு வார்த்த... வராது" என்றார்.

சித்தி போன பிறகு டைமரை அழித்துவிட்டேன். நிஜமாகவே அழிக்கவா என்று பெட்டி கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். பிறகு கட்டிலருகே உட்கார்ந்து, "அப்புறம் எத்தன நாளு கழிச்சிப்பா காத்து வந்துச்சி?" என்று கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "அசதி" என்றார். உண்மையாகவே களைத்திருந்தார். அன்றைய பேச்சு அன்றைக்கு முடிந்துவிட்டது. எனக்கு வந்த பொறாமையை என்ன செய்வது என்று தெரியாமல், காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போனேன்.

அன்றிலிருந்து சாயங்காலங்களிலும் டி.வி.யைப் போடாமல் இருந்து பார்த்தேன். முதல் சில நாட்கள் எங்கள் வீட்டில் அடுத்த வீட்டுச் சீரியல்தான் ஓடியது. அவர் சாப்பிட்டார், நான் வாயைத் துடைத்துவிட்டேன், விளக்கை அணைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒருநாள், கஞ்சியை ஊட்டிக்கொண்டிருக்கும்போது, அவராகவே கேட்டார்.

"ஆபீஸ்ல... என்ன?"

நான் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு யோசித்தேன். ஒரு கன்டெய்னர் நம்பரில் ஓர் எழுத்து மாறிப்போய், அதை யார்டு முழுக்கத் தேடியதைச் சொன்னேன். மேனேஜர் கத்தியதைச் சொன்னேன். அதோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அலுவலகத்திலிருந்து வந்து யாரிடமும் எதையும் சொல்லிப் பல வருஷமாகியிருந்தது.

அப்பா அவசரப்படாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறவு?" என்றார்.