செவ்வாய்க்கிழமை நவநாளும் என் ராகி மாவு வியாபாரமும்

குரல் போன அன்று நான் ஒரு கிலோ ராகி மாவுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி வாக்கியத்தில் வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது. அந்தப் பக்கம் இருந்தவர், "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று கத்தினார். நான் லைனில்தான் இருந்தேன். குரல்தான் இல்லை.

இது நடந்தது போன வருடம் தவக்காலத்தின் தொடக்கத்தில். என் பெயர் ரெஜினா, ஊர் பாப்பிரெட்டிப்பட்டி. நம் பக்கத்து ராகி, சாமை, கொட்டை எடுத்த புளி இவற்றை வாங்கி, சுத்தம் செய்து, ராகியை மாவாக அரைத்து, போன் மூலம் வெளியூர்களுக்கு விற்கிறேன். பக்கத்து வீட்டு மாதம்மா புடைக்கவும் பொட்டலம் போடவும் வருவாள். மற்றதெல்லாம் என் வாய்தான். மாவில் கல் இருக்குமா, புளி பழசா புதுசா, பார்சல் எப்போது வரும்? விடிந்ததிலிருந்து இதே கேள்விகள். நானும் ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழுவுக்கும் நான்தான் முன்குரல்.

தர்மபுரியில் ஒரு டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். "குரல் நாண்ல முடிச்சு மாதிரி வந்திருக்குதும்மா. ஒரு மாசம் பேசவே கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசாதீங்க. கரையலைன்னா ஆபரேஷன்தான்" என்றார். என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். "போன்ல யாவாரங்க" என்று என் கணவர் ஆரோக்கியம் பதில் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். வீட்டுக்கு வந்தபின் அழுகை போய்க் கோபம் வந்தது. ஊரில் எவ்வளவு பேர் நாள் முழுக்கப் புறம் பேசுகிறார்கள், அவர்கள் தொண்டையெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது? உமக்குப் பாட்டுப் பாடிய தொண்டைதான் கிடைத்ததா ஆண்டவரே? இப்படித்தான் கேட்டேன். மனசுக்குள்தான். கத்தக்கூட வழியில்லை.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் என்னை இன்னும் கொதிக்க வைத்தார்கள். "சிலுவைன்னு நெனச்சு ஏத்துக்க ரெஜினா." "கொஞ்ச நாளு வாய மூடிக்கிட்டிருந்தா நல்லதுதானே." நான் பதில் சொல்ல முடியாது என்று தெரிந்ததும் எல்லோருக்கும் உபதேசம் பொங்கிக்கொண்டு வந்தது.

அவர்களைக்கூட மன்னித்துவிட்டேன். என் கணவரின் அண்ணன் சூசை மாமாவைத்தான் முடியவில்லை. உதவி செய்கிறேன் என்று வந்து என் வியாபார போனை எடுத்துக்கொண்டார். அழைப்பது யாராக இருந்தாலும், "இனிமே என் நம்பருக்கே போடுங்க" என்று சொன்னார். ஸ்டாக்கில் இல்லாத சாமையை இருக்கிறது என்றார். பழைய புளியைப் புதுசு என்றார். ஓசூரிலிருந்து எப்போதும் வாங்குகிற ஒரு டீச்சர், "உங்கள நம்பித்தானேங்க வாங்குனேன், இப்படிப் பண்ணிட்டீங்களே" என்று குரல் மெசேஜ் அனுப்பியிருந்தார். அதைக் கேட்டுவிட்டு நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தோளைக் குலுக்கினார். "ஊமைக்கு எதுக்கும்மா யாவாரம்? நானே பாத்துக்கறேன், நீ வூட்டப் பாரு."

ஊமை என்றார். என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, நான் கட்டி எழுப்பிய வியாபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு. என் கணவர் தலையைக் குனிந்தார். அண்ணனை எதிர்த்து அவர் ஒரு சொல் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. அவர் மேலும் கோபம்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, கோயிலில் வாராவாரம் நடக்கும் அந்தோணியார் நவநாள் செபத்துக்குப் போனேன். வேண்டிக்கொள்ளப் போகவில்லை, சண்டை போடப் போனேன். அந்தோணியார் இறந்து பல நூற்றாண்டு ஆகியும் அவர் நாக்கு அழியாமல் காக்கப்பட்டிருக்கிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். சொரூபத்துக்கு முன்னால் நின்று, "உம்ம நாக்க மட்டும் ஆண்டவரு பத்திரமா வெச்சிருக்காரு, என் தொண்டைய ஏன் விட்டாரு?" என்று உள்ளுக்குள் திட்டினேன்.

செபம் தொடங்கியது. எல்லோரும் ஒரே குரலில் வாசித்தார்கள், நான் கண்ணால் மட்டும் வாசித்தேன். வாரா வாரம் அதே சொற்கள். நடுவில் ஓர் இடத்தில் புத்தகம் நிற்கும். இங்கே உங்கள் விண்ணப்பத்தைச் சொல்லுங்கள் என்று போட்டிருக்கும். அந்த இடம் வந்ததும் கோயிலே அமைதியானது. வேலை கேட்கிறவர், பிள்ளை கேட்கிறவர், தொலைந்ததைத் தேடுகிறவர், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அந்த நிமிடத்தில் கோயிலில் இருந்த அத்தனை பேரும் என்னைப் போலத்தான் இருந்தார்கள். யார் குரலும் வெளியே வரவில்லை. ஆனால் கேட்கிறவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இத்தனை பேருக்கும் சொற்கள் ஒன்றே. அவரவர் சொல்ல வேண்டியதற்கு ஓர் இடம் மட்டும் காலியாக விட்டிருக்கிறார்கள். இதை வைத்து எத்தனை தலைமுறை செபித்திருக்கிறது! நான் மட்டும் ஏன் ஒவ்வொரு ராகிப் பொட்டலத்துக்கும் தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டும்?

அப்படித்தான் எனக்குப் பதில் வந்தது. காட்சி எதுவும் இல்லை, அசரீரியும் இல்லை. அந்த யோசனை என் மண்டையில் தானாக உதித்தது என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவின் சட்டைப்பையிலிருந்து என் போனை உருவினேன். "ஏய், என்னா பண்ற?" என்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். கல் இருக்குமா என்பதற்கு ஒரு பதில், புளிக்கு ஒரு பதில், பார்சலுக்கு ஒரு பதில் என்று எழுதி போனிலேயே சேமித்தேன். ஒரு சாய்கோடும் ஓர் எழுத்தும் தட்டினால் முழுப் பதிலும் வந்து நிற்கும். ஆர்டருக்கு ஒரு மெசேஜ் தயார் செய்தேன். மேலே, எனக்குத் தொண்டை சரியில்லை, பேச இயலாது, எழுதுங்கள் என்று இரண்டு வரி. கீழே பெயர், முகவரி, என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று காலி இடங்கள். கடைசியில், நவநாள் புத்தகத்தை நினைத்து, "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று ஓர் இடம் விட்டேன். பொட்டலம் போடுவது திங்களும் வியாழனும் மட்டும். கட்டிய பொட்டலத்துக்குப் பச்சை ஸ்டிக்கர், கட்டாததற்குச் சிவப்பு. இதுதான் என் மொத்த ஏற்பாடு. எந்தப் படிப்பும் தேவைப்படவில்லை.

சிலர் திட்டினார்கள். "மெஷின்கிட்ட யாவாரம் பண்ற மாதிரி இருக்குது" என்று ஒருவர் எழுதிவிட்டு வாங்குவதை நிறுத்தினார். போகட்டும். என் தொண்டையை விட அவருக்கு விற்கும் ராகி எனக்குப் பெரிதல்ல.

முதலில் நிரப்பி அனுப்பியவர் அதே ஓசூர் டீச்சர். நடந்ததைத் தனியாக எழுதி மன்னிப்புக் கேட்டிருந்தேன். பெயர் போட்டிருந்தார். இரண்டு கிலோ ராகி மாவு என்று போட்டிருந்தார். கடைசி இடத்தில் இப்படி எழுதியிருந்தார்: "கல் இல்லாம இருந்தா போதும். உங்க குரலுக்காக நான் வேண்டிக்கிறேங்க."

போனைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதேன். கோயிலில் சண்டை போட்டதை மாதம்மாவுக்கு முன்பே சாடையில் சொல்லியிருந்தேன். அவள் முறத்தை வைத்துவிட்டு வந்து, "என்னா தாயி, உன் சாமிகிட்ட சண்ட போட்டியே, பதிலு சொல்லிடுச்சா?" என்றாள். போனைக் காட்டினேன். அவள் அதை வாசிக்கக்கூட இல்லை, என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன்பு மறுபடி தர்மபுரிக்குப் போனோம். முடிச்சு நன்றாகச் சுருங்கிவிட்டது. ஆபரேஷன் வேண்டாம், இனி அளவாகப் பேசலாம் என்றார் டாக்டர். "ஒழுங்கா பேசாம இருந்ததாலதாம்மா சரியாச்சு." சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வியாபாரத்தையும் விடாமல் வாயையும் திறக்காமல் இருக்க எனக்கு வழி காட்டியது யார்? அதை அந்த டாக்டரின் குழாய் காட்டாது.

குரல் வந்ததும் முதலில் தோத்திரம் சொல்லியிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. வீட்டுக்கு வந்ததும் சூசை மாமா உட்கார்ந்திருந்தார். "மாமா, என் யாவாரத்தப் பத்தி இனிமே யாருகிட்டயும் நீங்க வாயத் தொறக்காதீங்க. பேசறதுக்கு நான் இருக்கறேன்." கரகரவென்றுதான் வந்தது, ஆனால் தெளிவாக வந்தது. என் கணவர் தலை நிமிர்ந்தார். "அவ சொல்றது சரிதாண்ணா" என்றார். எனக்கு அதுவும் ஓர் அற்புதம்தான். தோத்திரத்தை அதற்குப் பிறகு சொன்னேன், முழங்கால் போட்டு.

மேல்ஸ்தாயியில் இப்போது பாட வருவதில்லை. அதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு, ஆண்டவரிடம் அடிக்கடி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ராகி விலை சொல்லி ஒரு நாளும் தொண்டையைச் செலவழிப்பதில்லை. மிச்சமிருக்கும் குரல் கோயிலுக்கும் என் வீட்டுக்கும்தான்.

நம்பிக்கையுள்ளவர்களே, கோபத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் கோபத்தோடுதான் போனேன். ஒரு செவ்வாய்க்கிழமை வாருங்கள். எல்லோரும் சொல்கிறதைச் சொல்லுங்கள். புத்தகம் நிற்கும் இடம் வரும். அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் அச்சடித்து வைக்கவில்லை. இருப்பதைச் சொல்லுங்கள், திட்ட வேண்டுமென்றால் திட்டுங்கள். சத்தம் வராவிட்டாலும் அவருக்குக் கேட்கும். என்னுடையதைக் கேட்டார்.