எழாத வெள்ளைத் துண்டு

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு வாய்க்கால் தலைப்பு மதகில் என் அப்பா லஸ்கராக இருந்தார். சக்கரம் சுற்றி ஷட்டரைத் தூக்குவதும் இறக்குவதும் அவர் வேலை. முறைத் தண்ணீர் என்பதால் சில நாள் வாய்க்கால் நிறைய ஓடும், சில நாள் மணல் தெரியக் கிடக்கும். காய்ந்த நாளில் ஊரே அதற்குள்தான் இருக்கும். மாடு மேய்ப்பவர்கள், குட்டையில் மீன் தடவுகிறவர்கள், சொம்போடு ஒதுங்குகிறவர்கள். திறக்குமுன் நான் கரையோடு வளைவுவரை ஓடி, எல்லோரையும் கத்தி மேலேற்றிவிட்டு, அப்பாவின் வெள்ளைத் துண்டைத் தூக்கிக் காட்டுவேன். தூக்கினால் வாய்க்கால் காலி என்று அர்த்தம். பத்து வயதில் அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அந்த வருஷம் நடவுக் கூலித் தகராறு. பண்ணை வெளியூர் ஆட்களை இறக்க, அடிதடியாகி, போலீஸ் தெருத்தெருவாக ஆள் பிடித்தது. அன்று காலை பண்ணைக் காரியஸ்தர் தண்ணீர் திறக்கச் சொல்லி வந்து நின்றார். கூடவே போலீஸ் ஜீப்.

நான் ஓடினேன். வளைவுக்கு அப்பால் வாய்க்கால் கோரைக்குள் எங்களூர் நடவு ஆட்கள் மூன்று பேர் படுத்திருந்தார்கள். ஒருவர் முழங்காலில் ரத்தத் துணி. அவர்களில் ஒரு அக்கா என்னிடம் கிசுகிசுத்தாள்.

"இவரத் தூக்கிட்டு அந்தக் கரை ஏறணும் பாப்பா. செத்த நேரம்."

கத்தினால் போலீஸ் வரும். துண்டைத் தூக்கினால் தண்ணீர் வரும், அது எருமையையே புரட்டிவிடும். சும்மா நின்றாலும் என்னவென்று பார்க்க வருவார்கள். வளைவுக்கு இப்பால் வந்து, தலைப்பில் நிற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்படி, பாவாடையைச் சுருட்டிக்கொண்டு வாய்க்கால் நடுவில் குந்தினேன்.

போலீஸ்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மானம் போனது.

"என்னய்யா இது, திறக்கிற நேரத்துலயா?" என்றார் காரியஸ்தர்.

"வயித்துக்கு முடியல போலருக்குங்க. புள்ள துண்டத் தூக்கட்டுங்க," என்றார் அப்பா.

"தண்ணி வந்தா தானா எந்திரிச்சு ஓடுவா. நவுரு."

காரியஸ்தரே சக்கரத்தைச் சுற்றினார். ஷட்டர் முனகியது. மணலில் தண்ணீர் என்னை நோக்கி வந்தது. எழுந்துவிட்டால் மீதியையும் திறந்துவிடுவார்கள். பாதம் நனைந்தும் குந்தியே இருந்தேன். அப்பா அவரைத் தள்ளிவிட்டு ஷட்டரை இறக்கி, சக்கரத்தைக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்தார். முதுகில் அடி விழுந்தது. அவர் விடவில்லை.

எதிர்க்கரை மூங்கில் சலசலத்து அடங்கியது. போய்ப் பார்த்தேன், கோரைக்குள் யாருமில்லை. அதன் பிறகுதான் துண்டைத் தூக்கினேன்.

சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் தோளிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டார்.

"இனிமே நானே போய்ப் பாத்துக்கறேன்."

"நான் செஞ்சது தப்பாப்பா?"

"தப்பில்லம்மா. அந்தாளு இன்னும் ரெண்டு சுத்து சுத்தியிருந்தா?"

எனக்குக் கோபம் ஆறவேயில்லை. அதன்பின் அப்பாவே வளைவுவரை நடந்து பார்த்துவிட்டு வருவார். சக்கரத்தில் கை வைக்குமுன் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி என்னைக் கூப்பிடுவார். நான் பதில் சொன்ன பிறகுதான் சுற்றுவார். ஒருநாள் வீம்புக்குப் பதில் சொல்லாமல் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா இரண்டு தரம் கூப்பிட்டார். பிறகு சக்கரத்தை விட்டுவிட்டு, வாய்க்காலுக்குள் குதித்து வளைவை நோக்கி ஓடினார்.